துறவியின் கையில் ஆயுதம் கொடுத்தவர் யார்?

இலண்டனில் வார இறுதித் தமிழ்ப் பாடசாலைகளின் ஆண்டு விழாக்காலம் வந்துவிட்டால் எமது மக்களின் ஞாயிற்றுக்கிழமைகள் மண்டபங்களிலேயே கழிந்துவிடும். தேவாரம், பேச்சு, பரதம், வில்லுப்பாட்டு என்ற வரிசையில் இப்போதெல்லாம் தற்காப்புக் கலைக் காட்சியும் இடம்பெறுகின்றது. வெள்ளை உடையும் இடுப்புப் பட்டியும் அணிந்த பிள்ளைகள் காலைத் தூக்கி உதைக்கின்றனர், பலகையைக் கையால் உடைக்கின்றனர், பெற்றோர் பூரிக்கின்றனர். அண்மையில் நாம் சென்றிருந்த விழாவொன்றில் அறிவிப்பாளர் ஒலிவாங்கியைப் பிடித்து, "இந்தக் கலை சீனருடையது என்று நினைத்துவிடாதீர்கள். காஞ்சிபுரத்துப் பல்லவ இளவரசரான போதிதர்மர் என்ற தமிழரே இதைச் சீனாவுக்குக் கொண்டு சென்று ஷாவோலின் ஆலயத்துத் துறவிகளுக்குக் கற்பித்தார்" என்று முழங்கினார். மண்டபம் கைதட்டலால் அதிர்ந்தது. நாமும் கைதட்டினோம்.

விழா முடிந்து தேநீரும் வடையும் பரிமாறப்பட்டபோது, பத்துப் பதினொரு வயதுச் சிறுவன் ஒருவன் அந்த அறிவிப்பாளரிடம் சென்று, "அங்கிள், அது எங்க எழுதியிருக்கு?" என்று கேட்டான். "என்ன தம்பி, நீர் படம் பார்க்கேல்லையோ?" என்று சிரித்தபடி பதில் வந்தது. சுற்றி நின்றவர்களும் சிரித்தனர். சிறுவன் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான்.

அவன் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு நியாயமான பதில் சொல்லப்படவில்லை. அந்தப் பதிலைத் தேடுவதும், அது எமது சமூகத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்று எடுத்துச் சொல்வதுமே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில், உதைக்கும் துறவி எம்மிடம் எப்படி வந்து சேர்ந்தார் என்று பார்ப்போம். எமது தலைமுறை அவரைப் புத்தகத்தில் சந்திக்கவில்லை. திரையிலேதான் சந்தித்தது. 1972 முதல் 1975 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஓடிய 'குங் பூ' என்ற தொடரில் ஷாவோலினில் வளர்ந்த துறவியொருவர் அமெரிக்க மேற்கில் அலைந்து திரிந்தார். 1973இல் புரூஸ் லீயின் 'என்ரர் த ட்ராகன்' வந்தது. 1978இல் ஹொங்கொங்கிலிருந்து 'ஷாவோலினின் 36ஆவது அறை' வந்தது. 1982இல் ஜெற் லீ நடித்த 'ஷாவோலின் ஆலயம்' வந்தது. தாயகத்தில் மின்சாரமில்லாத நாட்களில் ரி.வி.யும் டெக்கும் ஜெனரேற்றரும் வாடகைக்கு எடுத்து, விடிய விடியப் படம் பார்த்தவர்கள் நாம். எந்த மொழியென்று தெரியாமலே அந்தச் சண்டைகளை இரசித்தோம். மொட்டைத் தலை, காவி உடை, இரும்புக் கை என்ற உருவம் அன்றே எமது மனதில் பதிந்துவிட்டது.

அந்த உருவத்துக்குத் தமிழ்ப் பெயர் சூட்டியது 2011 தீபாவளிக்கு வெளிவந்த 'ஏழாம் அறிவு'. ஏ. ஆர். முருகதாஸ் இயக்கிய அப்படத்தில் சூர்யா போதிதர்மராக வருகிறார். பல்லவ இளவரசர் சீனா செல்கிறார், கொள்ளைநோயைத் தீர்க்கிறார், பகைவரை வீழ்த்துகிறார், மக்களுக்குப் போர்க்கலையைக் கற்பிக்கிறார். தமிழன் தன் பெருமையை மறந்துவிட்டான் என்பதே படத்தின் செய்தி. 2009 மே மாதத்தின் பேரழிவுக்குப் பின் இரண்டரை ஆண்டுகள்கூடக் கடந்திராத வேளையில் அது வந்தது. தோற்றுப்போனவர்கள் என்ற சொல்லை நாள்தோறும் கேட்டுக்கொண்டிருந்த மக்களுக்கு, உலகுக்கே வீரம் கற்பித்தவர்கள் நீங்கள் என்று ஒரு படம் சொன்னால் அது எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்! அந்த ஆறுதலை நாம் ஏளனம் செய்யவில்லை. ஆறுதல் வேறு, வரலாறு வேறு என்றுமட்டுமே சொல்கிறோம்.

வரலாறு என்ன சொல்கிறது? போதிதர்மரைப் பற்றிய மிகப் பழைய குறிப்பு கி.பி. 547இல் யாங் சுவான்சி என்பவர் லோயாங் நகரத்துப் பௌத்த ஆலயங்களைப் பற்றி எழுதிய நூலில் உள்ளது. அங்கே அவர் மேற்கிலிருந்து வந்த பாரசீகராகக் குறிப்பிடப்படுகிறார். தமக்கு 150 வயது என்று கூறிக்கொள்ளும் அந்த முதியவர், யோங்நிங் ஆலயத்தின் உயர்ந்த கோபுரத்தைப் பார்த்து வியந்து, பல நாட்கள் கைகூப்பித் துதித்து நின்றாராம். அடுத்ததாக, அவருடைய மாணவர் வட்டத்தைச் சேர்ந்த தான்லின் எழுதிய முன்னுரை அவரைத் தென்னிந்திய மன்னன் ஒருவனின் மூன்றாம் மகன் என்கிறது. 645இல் துறவிகளின் வரலாறுகளைத் தொகுத்த தாவோசுவான், தென்னிந்தியப் பிராமண குலத்தவர் என்கிறார். ஆக, அவர் தென்னிந்தியர் என்று சொல்லப் பழைய ஆதாரம் உண்டு. ஆனால் இம்மூன்று நூல்களிலும் பல்லவர் என்ற பெயரோ, காஞ்சி என்ற பெயரோ இல்லை. 1004இல் தொகுக்கப்பட்ட சென் மரபு நூலொன்றில் வரும் நாட்டின் சீனப் பெயரைக் காஞ்சி என்று வாசிப்போர் உளர். அது பிற்கால வாசிப்பேயன்றிச் சாசனம் அன்று.

ஊர் எதுவாயினும் ஆகட்டும். கலை என்ன ஆயிற்று? இம்மூன்று நூல்களில் எதிலும் போதிதர்மர் யாருக்கும் சண்டை கற்பிக்கவில்லை. அவர் கற்பித்ததாகத் தான்லின் எழுதிவைத்தவை இரண்டு வாயில்களும் நான்கு நடைகளும். துன்பம் நேர்கையில் பகைமை பாராட்டாதிருத்தல், சூழலோடு இசைந்து போதல், எதையும் நாடாதிருத்தல், அறத்தோடு ஒத்து வாழ்தல் என்பனவே அந்த நான்கு நடைகள். இவற்றைக் கற்க மரப்பலகை எதையும் உடைக்கத் தேவையில்லை.

இந்தப் போதனைகளின் பழைய படிகள் எங்கே இருக்கின்றன என்று எமது வாசகர்களில் பலர் அறிந்திருக்கமாட்டார்கள். சீனாவின் துன்குவாங் குகைகளிலிருந்து ஓரல் ஸ்ரைன் 1907இல் எடுத்துவந்த சுவடிகளிடையே அவற்றின் படிகளும் உள்ளன. கி.பி. 868இல் அச்சிடப்பட்ட வஜ்ரச் சூத்திரமும் அதே சேகரிப்பைச் சேர்ந்ததே. அச்சேகரிப்பு இன்று சென் பாங்கிராஸ் நிலையத்துக்கு அருகிலுள்ள பிரித்தானிய நூலகத்துக்கு உரியது. சிறுவன் கேட்ட கேள்விக்குப் பதிலின் ஒரு பகுதி, அந்த விழா மண்டபத்திலிருந்து நிலத்தடி இரயிலில் செல்லக்கூடிய தூரத்தில் இருக்கின்றது!

அப்படியானால் போதிதர்மருக்குப் போர்க்கலையைச் சூட்டியவர் யார்? அதற்கும் சான்று உண்டு. 'தசைநார் மாற்றும் நூல்' என்று பொருள்படும் 'யிஜின் ஜிங்' என்ற உடற்பயிற்சி நூல் 1624இல் எழுதப்பட்டது. எழுதியவர் ஒரு தாவோ மதத்தவர். நூலுக்குப் பழமை சேர்ப்பதற்காக, 628ஆம் ஆண்டில் தாங் வம்சத்துத் தளபதி லீ ஜிங் எழுதியதாக ஒரு முன்னுரை அதிலே வைக்கப்பட்டது. போதிதர்மர் ஷாவோலினில் இரும்புப் பெட்டியொன்றை விட்டுச் சென்றார், அதிலே இந்நூல் இருந்தது என்று அந்த முன்னுரை கூறுகிறது. அந்த நூல் தம் கைக்கு யார் மூலம் வந்தது என்றும் தளபதி சொல்கிறார். அவர் பெயர் சொல்லும் ஆளோ, தாங் காலத்துக் கதையொன்றில் வரும் கற்பனைப் பாத்திரம்! சாட்சிக் கூண்டில் கதாபாத்திரத்தை ஏற்றியது போன்றது இது. 1757 முதல் 1809 வரை வாழ்ந்த சீன அறிஞர் லிங் திங்கான் இந்தப் பிழைகளை அன்றே எடுத்துக்காட்டிவிட்டார். எனினும் கதை ஓயவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லியூ இ என்பவர் எழுதிய புகழ்பெற்ற நாவலொன்றின் மூலம் அது மேலும் பரவியது. 1930இல் தாங் ஹாவ் என்ற சீன ஆய்வாளர், தாமே தற்காப்புக் கலை பயின்றவராக இருந்தும், போதிதர்மர் கதைக்கு ஆதாரமில்லை என்று துணிந்து எழுதினார். 2008இல் மெயிர் ஷாகர் எழுதிய ஷாவோலின் வரலாறும் இதையே விரிவாக நிறுவுகின்றது.

இங்கே கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. தம் நாட்டுக்குப் பெருமை தரும் கதை பொய் என்று முதலில் சொன்னவர்கள் சீனர்களே. அதனால் சீனாவின் பெருமை குன்றிவிடவில்லை.

துறவிகள் சண்டையே போட்டதில்லை என்று நாம் சொல்ல வரவில்லை. அது மறுபக்கத்துப் பொய்யாகிவிடும். ஷாவோலின் ஆலயம் 495ஆம் ஆண்டளவில் பாதுவோ என்று சீனர் அழைத்த இந்தியத் துறவி ஒருவருக்காக வட வேய் பேரரசரால் அமைக்கப்பட்டது. அவர் போதிதர்மர் அல்லர். 621இல், பின்னாளில் பேரரசரான லீ ஷிமின் தம் எதிரியான வாங் ஷிசொங்குடன் போரிட்டபோது ஷாவோலின் துறவிகள் அவருக்குத் துணைநின்றனர். அவர்களில் பதின்மூவரின் பெயர்கள் ஆலயத்துக் கல்வெட்டில் உள்ளன. அதற்குக் கைம்மாறாக 40 சிங் அளவு நிலமும் ஒரு நீராலையும் ஆலயத்துக்குக் கிடைத்தன. பின்னர் 1553இல் சீனக் கரையோரத்துக் கடற்கொள்ளையருக்கு எதிராகத் துறவிகளின் படையொன்று போரிட்டது. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செங் சொங்யூ என்பவர் ஷாவோலின் சிலம்ப முறையை நூலாக எழுதினார். அந்தக் கம்புக் கலையின் மூலவர் என்று ஆலயத்தார் சொல்லிக்கொண்டது காவல் தெய்வமான கின்னரரை, போதிதர்மரை அன்று.

எனவே நடந்தது என்னவென்றால், நிலமும் ஆலையும் களஞ்சியமும் உடைய ஒரு பெரிய ஆலயம், கலகக் காலத்தில் தன் உடைமையைக் காக்க ஆட்களைப் பழக்கியது. அது ஞானத்தால் விளைந்த வீரம் அன்று. சொத்தால் விளைந்த தேவை. அரசியலில் இறங்கிய ஆலயம் அரசியலால் அழியவும் நேர்ந்தது. 1928இல் போர்த்தலைவர் ஷி யோசான் அதை எரித்தார். திரைப்படங்களால் மீண்டும் புகழும் பணமும் குவிந்தபின், 1999 முதல் தலைமைத் துறவியாக இருந்தவர்மீது 2025 யூலையில் நிதி முறைகேட்டு விசாரணை தொடங்கப்பட்டது; அவருடைய துறவிச் சான்றிதழும் இரத்துச் செய்யப்பட்டது. படத்திலே காணும் ஆலயத்தில் இவை எதற்கும் இடமில்லை.

அப்படியாயின், பழைய பௌத்தப் பள்ளியில் துறவிகள் நாள் முழுதும் என்னதான் செய்தார்கள்? அவர்களைக் கட்டுப்படுத்திய விநய விதிகளைப் படித்தாலே விளங்கும். தேரவாத மரபில் பிக்குவுக்கு 227 விதிகள். மனிதக் கொலை செய்தவன் அந்தக் கணமே துறவி அல்லன். சக துறவியைக் கோபத்தில் அடிப்பது குற்றம். படை அணிவகுத்து நிற்பதை வேடிக்கை பார்க்கப் போவதும் குற்றம். தக்க காரணத்தோடு பாசறைக்குச் சென்றாலும் மூன்று இரவுகளுக்கு மேல் தங்கலாகாது. தங்கும் நாட்களிலும் போர்ப் பயிற்சியைப் பார்க்கலாகாது. கையில் ஆயுதம் ஏந்தி நிற்பவனுக்கு அறம் உரைக்கவும் கூடாது. மூன்று ஆடை, ஓடு, சவரக்கத்தி, ஊசி, இடைக்கச்சு, நீர் வடிகட்டி ஆகிய எட்டுமே அவர்களின் உடைமை. நீர் வடிகட்டி எதற்கென்றால், குடிக்கும் நீரிலுள்ள சிற்றுயிர் மாளாதிருக்க. புழுவுக்கு அஞ்சியவர்கள் கையில்தான் எமது கதைகள் வாளைக் கொடுக்கின்றன.

671இல் சீனாவிலிருந்து கடல்வழி புறப்பட்டு இந்தியாவுக்கு வந்த யிஜிங் என்ற துறவி, தாம் கண்ட பள்ளி வாழ்க்கையைச் சலிக்காமல் எழுதிவைத்துள்ளார். காலையில் பல் துலக்கும் குச்சி, கை கழுவும் முறை, உண்ணும்போது அமரும் ஒழுங்கு, நீர்க் கடிகாரத்தால் நேரம் அறிதல் என்று அவர் எழுதாதது இல்லை. உடற்பயிற்சியைப் பற்றியும் எழுதினார். அது என்ன தெரியுமா? நடை! குறித்த வேளைகளில் பாதையொன்றில் முன்னும் பின்னும் நடப்பது உடலுக்கு நல்லது, உண்டது செரிக்கும் என்கிறார். ஈழத்தில் மிகிந்தலையில் நான்காம் மகிந்தன் பத்தாம் நூற்றாண்டில் பொறித்த கற்பலகைகளும் இத்தகையனவே. துறவிகள் விடியலில் எழுந்து, தியானித்து, பல் துலக்கி, உடை திருத்தி, உணவுச் சாலைக்குச் சென்று, ஓத வேண்டியதை ஓதிய பின்னரே கஞ்சியும் சோறும் பெறவேண்டும் என்று அவை விதிக்கின்றன. சமையற்காரர் முதலிய பணியாளருக்கு என்ன கூலி, கணக்கை எவ்வாறு எழுதவேண்டும் என்பனவும் கல்லிலே உள்ளன. பள்ளி வாழ்க்கை என்பது கஞ்சியும் கணக்கும் ஓதலுமாகவே இருந்தது. அதைப் படமாக எடுத்தால் மூன்று மணிநேரம் யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்?

காஞ்சிக்கே வருவோம். பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டில் எழுதிய 'மத்தவிலாசப் பிரகசனம்' என்ற நகைச்சுவை நாடகம் காஞ்சித் தெருக்களில் நடக்கிறது. அதிலே நாகசேனன் என்ற பௌத்தத் துறவி வருகிறான். வணிகன் வீட்டு விருந்தை மெச்சியபடி ஓட்டை ஆடைக்குள் மறைத்துக்கொண்டு பள்ளிக்குத் திரும்பும் அவனைக் காபாலிகன் ஒருவன் திருடன் என்று மறிக்கிறான். மன்னன் பௌத்தரைக் கேலி செய்யவே எழுதினான் என்பது வெளிப்படை. ஆனால் கேலிக்கும் உண்மையின் நிழல் வேண்டும். காஞ்சி மக்களுக்குத் தெரிந்த பௌத்தத் துறவி சண்டைக்காரனாக இருந்திருந்தால், அந்தக் கேலிக்கு யார் சிரித்திருப்பார்கள்?

அந்நூற்றாண்டிலேயே தென்னாட்டுக்கு வந்த சுவான்சாங், காஞ்சியில் நூற்றுக்கு மேற்பட்ட பள்ளிகளும் பத்தாயிரம் துறவிகளும் இருந்ததாக எழுதுகிறார். நாலந்தாவில் புகழுடன் விளங்கிய தர்மபாலர் காஞ்சியில் பிறந்தவர். விநய விதிகளுக்குக் கைநூல் எழுதிய புத்ததத்தர் சோழநாட்டவர். எல்லாருக்கும் மேலாகத் திக்நாகர். காஞ்சிக்கு அருகே பிறந்தவர் என்று திபெத்திய மரபு கூறும் இவரே பௌத்த அளவையியலை நிலைநாட்டியவர். ஒரு செய்தியை உண்மையென்று ஏற்க இரண்டே அளவைகள் உள்ளன: ஒன்று நேரே காண்பது, மற்றது கண்டதிலிருந்து முறையாக உய்த்துணர்வது. பெரியவர் சொன்னார், பழைய நூல் சொன்னது என்பது மட்டும் தனியான அளவை ஆகாது என்றார் திக்நாகர். எமது மணிமேகலையிலும் அறவண அடிகள் காஞ்சியில் வைத்து மணிமேகலைக்கு இந்த அளவைகளைத்தான் முதலில் விளக்குகிறார். அறம் உரைப்பது அதன் பின்னரே.

இப்போது வாசகர்கள் சிந்தித்துப் பார்க்கட்டும். காஞ்சியின் பௌத்தர் உலகுக்குக் கொடுத்தது கைமுட்டியை அன்று, "சான்று என்ன?" என்ற கேள்வியை. அந்த மண்டபத்தில் காஞ்சியின் உண்மையான வாரிசாக நின்றவன், "எங்க எழுதியிருக்கு?" என்று கேட்ட சிறுவனே. அவனைப் பார்த்துத்தான் நாம் சிரித்தோம்.

"ஐயா, அகதியாய் வந்து குளிரில் நடுங்கும் எமக்கு மிஞ்சியிருப்பது இந்தப் பழம்பெருமை ஒன்றுதான். அதையும் ஏன் பிடுங்குகிறீர்கள்? இதனால் யாருக்கு என்ன கேடு?" என்று சிலர் கேட்பர். கேட்பவரின் மனவலி எமக்குப் புரிகிறது. ஆயினும் கேடு உண்டு. மூன்று கேடுகள் உண்டு.

முதலாவது, ஆயுதத்தோடு சேர்ந்த துறவியின் கதையால் உலகில் மிகக் கொடிய விலை கொடுத்தவர்களில் நாமும் அடங்குவோம். மகாவம்சத்தில் துட்டகைமுனு தன் ஈட்டியில் புனித சின்னத்தைப் பொருத்தி, 500 பிக்குகள் உடன்வர, எல்லாளன்மீது படையெடுக்கிறான். போரில் மாண்டோரை எண்ணி அவன் கலங்கும்போது, மனிதர் என்று கணக்கிடத்தக்கோர் ஒன்றரைப் பேரே என்று அருகதர்கள் அவனைத் தேற்றுகின்றனர். படையைப் பார்க்கவும் போகலாகாது என்ற விநயம் எங்கே, இந்தக் கதை எங்கே! துட்டகைமுனு காலத்துக்குச் சில நூற்றாண்டுகள் கழித்து எழுதப்பட்ட அக்காவியத்தை வரிக்கு வரி வரலாறாக்கியபோது இலங்கைத் தீவு என்னவாயிற்று என்று நாம் அறிவோம். 1959இல் பிரதமர் பண்டாரநாயக்காவைச் சுட்டவர் ஒரு பிக்கு. 2004இல் பிக்குகள் ஒன்பதுபேர் ஒரே கட்சியில் நாடாளுமன்றம் புகுந்து போருக்குக் குரல் கொடுத்தனர். மகாவம்சக் கதைக்குச் சான்று காட்டு என்று நாம் கேட்கிறோம். கேட்பது சரி. ஆனால் எமது கதைக்குச் சான்று வேண்டாம், படம் போதும் என்றால், அவர்களிடம் கேட்கும் உரிமையை நாம் இழந்துவிடுகிறோம்.

இரண்டாவது கேடு எமது அன்றாட வாழ்வைச் சார்ந்தது. இந்நாட்டில் தஞ்சம் கோரியவர்களுக்குத் தெரியும், சொல்லும் கதையில் ஒரு திகதி பிசகினால் என்ன நேரும் என்று. உண்மையிலேயே சித்திரவதைக்கு உள்ளானவர்கூட, மாதத்தை மாற்றிச் சொன்னதற்காகப் பொய்யராக்கப்படுவதுண்டு. எமது சட்டத்தரணிகளும் மொழிபெயர்ப்பாளர்களும் மருத்துவச் சான்றுக்கும் கிராம சேவகர் கடிதத்துக்கும் அலைவது எதற்காக? சான்றில்லாத உண்மை இங்கே செல்லாது என்பதற்காக. எமக்கு நேர்ந்த கொடுமைகளை உலக அவைகளில் நிறுவ இன்றும் படங்களையும் பட்டியல்களையும் சாட்சியங்களையும் சேர்த்துக்கொண்டிருக்கிறோம். அப்படிப்பட்ட சமூகம், ஞாயிற்றுக்கிழமை மேடையில் மட்டும் சான்றில்லாததைச் சாதித்துப் பேசினால், எமது பிள்ளைகள் என்ன பாடம் படிப்பார்கள்? ஒருநாள் அவர்கள் போதிதர்மர் கதை பொய்யென்று பல்கலைக்கழகத்தில் அறிவார்கள். அன்று, அம்மாவும் அப்பாவும் சொன்ன மற்றக் கதைகளும் இப்படித்தானோ என்ற ஐயம் எழுமாயின், 1983ஆம் ஆண்டும் 2009ஆம் ஆண்டும்கூட அந்த ஐயத்தில் அகப்பட்டுவிடும். அந்த இழப்பை எந்தப் படமும் ஈடுசெய்யாது.

மூன்றாவது, பொய்ப்பெருமை மெய்ப்பெருமையை மறைக்கின்றது. பௌத்தம் என்றாலே சிங்களம், காவியுடை என்றாலே ஆக்கிரமிப்பு என்ற எண்ணம் எமது மனங்களில் ஊறிவிட்டது. பட்ட துயரத்தால் வந்த எண்ணம் அது, குறைசொல்ல முடியாது. ஆனால் அதன் விளைவு என்ன? கந்தரோடையின் தூபிகளைக் காட்டி, இது யாருடையது என்று கேட்டால், எம்மவரில் பலர் வாய்பேசாது நிற்கின்றனர். 2020 யூனில் கிழக்கு மாகாணத் தொல்லியலுக்கென்று பாதுகாப்புச் செயலாளர் தலைமையில், பிக்குகளையும் உள்ளடக்கி, தமிழர் ஒருவர்கூட இல்லாத செயலணி அமைக்கப்பட்டபோது, பௌத்தச் சின்னம் இருக்குமிடமெல்லாம் சிங்கள நிலம் என்ற வாதத்துக்கு நாம் கொடுக்கவேண்டிய பதில் எமது கைவசமே இருந்தது. திருகோணமலைக்கு அருகே வெல்கம் விகாரை, சோழர் காலத்தில் இராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர் பெற்றிருந்தது. விளக்குக்கும் பிறவற்றுக்கும் கொடை கொடுத்தவர்களின் தமிழ்க் கல்வெட்டுக்கள் இன்றும் அங்கே நிற்கின்றன. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு இராஜராஜன் ஆனைமங்கலத்தைக் கொடுத்தான். இவை கல்லிலும் செம்பிலும் எழுதப்பட்டவை. "எங்க எழுதியிருக்கு?" என்று கேட்டால் விரல்விட்டுக் காட்டக்கூடியவை.

இவற்றுள் ஒன்றை மட்டும் சற்று விரித்துச் சொல்லவேண்டும். பொலனறுவையில் பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டொன்று நிற்கிறது. வேளைக்காரர் என்ற தமிழ்ப் படையினர் பொறித்தது அது. விஜயபாகு மன்னன் கட்டுவித்த தந்ததாது ஆலயத்தைக் காத்துத் தருமாறு அரசகுருவான முகலன் மகாதேரர் அவர்களை அழைத்துக் கேட்டுக்கொள்கிறார். அவர்கள் ஏற்கின்றனர். ஆலயத்தின் ஊர்களையும் பணியாளரையும் பண்டங்களையும், அங்கே அபயம் புகுந்தவர்களையும், தாம் அழிய நேர்ந்தாலும் காப்போம் என்று உறுதி எழுதுகின்றனர். இங்கே வாள் துறவியின் கையில் இல்லை. துறவி வாளேந்தியவனிடம் கேட்கிறார். வாளேந்தியவன் வாக்குக் கொடுக்கிறான். சிங்கள மன்னனின் பௌத்த ஆலயத்தைக் காக்கத் தமிழர் கொடுத்த வாக்கு அது. தமிழிலேயே கல்லில் நிற்கும் வாக்கு. அதிலும் அபயம் புகுந்தோர் என்ற சொல்லை அகதிகளாகிய நாம் படிக்கும்போது நெஞ்சு நிமிரவில்லையா? சீனத்துச் சண்டைக்கலையைவிட இது எந்த வகையில் குறைந்த பெருமை?

பிள்ளைகள் தற்காப்புக் கலை பயில்வதை நாம் எதிர்க்கவில்லை. நன்றாகப் பயிலட்டும். குளிர்காலத்தில் தொலைக்காட்சியின் முன் முடங்கிக் கிடப்பதைவிட அது மேல். சீனக் கலையைச் சீனரிடமிருந்து வந்த கலையென்றே மதித்துப் பயிலட்டும். சிலம்பம் வேண்டுமாயின் சிலம்பத்தைத் தமிழ்க் கலையென்று பயிலட்டும். எந்தக் கலைக்கும் பொய்யான பிறப்புச் சான்றிதழ் தேவையில்லை. 'ஏழாம் அறிவு' படத்தையும் பார்க்கட்டும். படம் என்று தெரிந்து பார்க்கட்டும்.

விழா ஏற்பாட்டாளர்களுக்கு எமது வேண்டுகோள் ஒன்றே. மேடையில் சொல்வதை, மண்டபத்தின் கடைசி வரிசையில் இருக்கும் சிறுவன் சான்று கேட்டால் காட்டக்கூடியதாகச் சொல்லுங்கள். பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த விடுமுறையில் பிள்ளைகளைப் பிரித்தானிய அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கரையோரத்தில் கண்டெடுக்கப்பட்டு, 1830இல் அங்கே சேர்க்கப்பட்ட எட்டாம் நூற்றாண்டுத் தாரையின் திருவுருவம் பொன்முலாம் மின்ன நிற்கிறது. அவளுடைய வலக்கை கீழ்நோக்கி விரிந்து வரம் தருகின்றது. அந்தக் கையில் ஆயுதம் இல்லை.

அந்தச் சிறுவன் மீண்டும் ஒரு விழாவுக்கு வருவானோ, மீண்டும் கேள்வி கேட்பானோ, அறியோம். வந்து கேட்டால், "வா தம்பி, எங்கே எழுதியிருக்கிறது என்று சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்லும் பெரியவர் ஒருவராவது அங்கே இருக்கவேண்டும். அந்தப் பெரியவராக இருக்க நாம் ஒவ்வொருவரும் முயல்வோமாக.